சலவை நாள்

இரண்டு கிழமைக்கு ஒரு செவ்வாய்,
மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை,
வின்ரத்தூரில் ஒரு பழைய கட்டடத்தின் நிலவறை
என்னுடையது.

கதவில் தாள் அட்டவணை. கயிற்றில் கட்டிய பேனா.
ட்ஸ்கிராகன், பெரிஷா, ஓபர்ஹோல்ட்சர்,
நாலாவது வரியில், அழுத்தி எழுதிய கறுப்பு மையில், நான்.
இந்த ஊரில் என்னால் நகர்த்த முடியாத
ஒரே சந்திப்பு இது.

மற்றவை நகரும்.
சிங்கப்பூர் விழிக்கும்போது ஒன்று,
தொரன்டோ சாப்பிட்டு முடித்தபின் ஒன்று,
பல் விளக்கும்போது காதுக்குள் ஒன்று.
என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி.
அது மஞ்சளானால்
மூன்று நாட்டில் யாரோ நெற்றி சுருக்குவார்கள் என்று
வைத்தியசாலையிலும் திரையைத் தட்டிக்கொண்டிருந்தேன்.
"மூச்சை இழுத்துப் பிடியுங்கள்,"
மார்பைப் படமெடுக்க வந்த பெண் சொன்னாள்.
பிடித்தேன். மேசையில் கைப்பேசி அதிர்ந்தது.
விட்டுவிட்டேன்.
இன்னொரு படம் எடுக்க வேண்டி வந்தது.

போன வருடம் ஒரு கொள்கைக்கு நானே ஒப்பமிட்டேன்:
மாலை ஆறரைக்குப் பின்
ஊழியர் எவருக்கும் மின்னஞ்சல் போகாது.
நாலாயிரம் பேரின் இரவை
ஒரே கீறலில் பூட்டிக் கொடுத்தேன். கைதட்டினார்கள்.
கடைசிப் பக்கம், சின்ன எழுத்து, பதினோராம் உட்பிரிவு:
பணிப்பாளர் மட்டத்துக்கு இது பொருந்தாது.
அதை எழுதியவளும் நான்தான்.

நிலவறைச் சுவர்
அணுகுண்டு விழுந்தால் ஒளிய என்று
அறுபதுகளில் வார்த்த கொங்கிரீட்.
ஒரு சாண் தடித்த கதவு. அலை நுழையாது.
எட்டு வயதில் பங்கருக்குள் கிடந்து
எப்போது வெளியே விடுவார்கள் என்று அழுதவள்,
நாற்பத்தேழில்
ஒன்றுக்குள் போக நாள் எண்ணுகிறேன்.
சிரிக்கலாம்.

போன முறை மகள் இறங்கி வந்தாள். பதினைந்து வயது.
வெறுங்கால்.
"இங்கே வந்தால்தான் நீங்கள் முழுசாய் இருக்கிறீர்கள்."
கோபமில்லை. பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னாள்.
கட்டில் விரிப்பின் இரு முனையைப் பிடித்துக்கொண்டு
பின்னால் நடந்தாள்.
உதறினோம். கிட்ட வந்தோம்.
அவள் விரல் என் விரலில் முனையைத் தந்தது.
குனிந்து கீழ் மடிப்பை எடுத்து நிமிர்ந்தபோது
அர்பேன் என்ற பையனைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தாள்,
எனக்கு அவனை எப்போதோ தெரியும் என்பதுபோல.
தலையாட்டினேன்.
பிறகு, "இல்லை, ஆர் அவன்?" என்றேன்.
வீட்டில் கட்டில் மூன்றுதான்.
மடித்த மூன்றையும் அவிழ்த்து
திரும்ப மடித்தோம்.

இன்று கதவில் புதுக் கடிதம்.
வீட்டு நிர்வாகம் மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறது:
தை மாதம் முதல் புது இயந்திரங்கள்,
செயலியில் முன்பதிவு, நிலவறை முழுதும் வைஃபை.
சம்மதிப்பவர்கள் கீழே ஒப்பமிடவும்.
ட்ஸ்கிராகன் போட்டிருந்தார். பெரிஷா, ஓபர்ஹோல்ட்சர்.
நாலாவது கோடு வெறுமை.

காலையிலிருந்து முப்பத்தொரு இடத்தில்
என் ஒப்பம் விழுந்திருக்கிறது,
எல்லாம் திரையில், பாதி வாசிக்காமல்.
இதை இருமுறை வாசித்தேன்.
நல்ல திட்டம். செலவு குறையும்.
அலுவலகமாக இருந்தால் நானே முன்வைத்திருப்பேன்.
பேனா கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது.
ஆட விட்டேன்.

இரண்டாம் மாடிப் படியில் கைப்பேசிக்கு உயிர் வந்தது.
அறுபத்திரண்டு.
கைக்கடிகாரம் தனியாக ஒன்று வைத்திருந்தது:
மாலை 6:10 முதல் 8:40 வரை
ஆழ்ந்த உறக்கம். வாழ்த்துகள்.
பதிவு சரிதானா?

கூடையை இடுப்பில் சாய்த்து
ஈர விரலால் ஆம் என்று அழுத்தினேன்.
எடுக்கவில்லை.
மறுபடி அழுத்தினேன்.